கன்னியம்மாவின் தகரைக் காபி

வெறும் சட்டியில் தகரை விதை வறுபடும்போது முதலில் பச்சிலை நாற்றம்தான் வரும். பிறகு விதைகள் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும், காபிக்கொட்டையே வறுபடுவது போல ஒரு வாசனை தெருமுனை வரை பரவி, எங்கள் வீட்டில் ஏதோ விருந்து என்று அக்கம்பக்கத்தாரை ஏமாற்றிவிடும். அறுபதுகளில், கிழக்குத் தாம்பரத்தில், அப்பா ஒருவரின் சம்பளத்தில் ஆறு பேருக்குக் காபி கொடுக்க அம்மா கண்ட வழி அது.

வழியைக் காட்டியவள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த கன்னியம்மா. "இத்த வறுத்து இடிச்சிப் பாரும்மா, காபியாட்டமே கீது" என்று ஏரிக்கரைச் செடிகளிலிருந்து ஒரு மடி நிறைய விதை உருவிக்கொண்டு வந்தாள். அதுமுதல் ஒவ்வொரு தை மாதமும், கேட்காமலே, வருஷத்துக்கு ஆகும் விதையை ஆய்ந்து புடைத்துக் கொண்டுவந்து தருவாள். எங்கள் எல்லோருக்கும் அந்தக் காபிதான், கன்னியம்மாவுக்கும் அதே. அசல் பொடி மட்டும் அலமாரி மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். வீடு வீடாக முறைவைத்து நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வரும்போதுதான் அது கீழே இறங்கும்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகுது?" என்பாள் அம்மா. ஒன்பது வயதிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டதுதான் வினை. ஒருநாள் நாற்காலியில் ஏறி, ஒரு சிட்டிகை அசல் பொடியை உள்ளங்கையில் சர்க்கரையோடு குழைத்து நக்கினேன். மறுநாளும் நக்கினேன். சிட்டிகை கரண்டியாகி, டின் பாதியாகக் குறைந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தகரைப் பொடியை அள்ளிப் போட்டு நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்தேன். நிறம் ஒத்துப்போனதைப் பார்த்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், அறிவுகெட்டவள்.

எங்கள் முறை வந்தது. பாட்டும் ஜெபமும் முடிந்து அம்மா பெருமையோடு டம்ளர்களை நீட்ட, ஒரு டீச்சரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது என்னங்க, கஷாயமா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் காலை, கிணற்றடியில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாவின் முன்னால் அம்மா அந்த டின்னைக் கொண்டுபோய் வைத்தாள். "நல்ல பொடியை எடுத்துட்டு உன் விதைப்பொடியைக் கலந்து வச்சிருக்கியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"நான் இன்னாத்துக்கும்மா எடுக்கப்போறேன்? எனக்கு இதுவே நல்லாத்தான கீது" என்றாள் கன்னியம்மா.

நான் கதவுக்குப் பின்னால் நின்று பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை இன்னும் உரக்கச் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மா கையிலிருந்த தேங்காய் நாரைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா ஊர்க்கதை பேசும்போதெல்லாம் சொல்வாள். தன் வீட்டிலேயே அது நடந்தது அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

அடுத்த தை மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் கன்னியம்மா என்னைப் பார்த்துவிட்டாள். "பாப்பா, அம்மாவுக்குக் கோவம் தீந்துச்சா? உங்களுக்குன்னு வெத ஆய்ஞ்சி வச்சிக்கீறேன், எட்தாந்து தரட்டா?" என்றாள்.

"வேணாம், நாங்க இப்போ நல்ல காபிதான் குடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். உண்மையில், விதை தீர்ந்துபோய் சில நாட்களாகவே வீட்டில் எந்தக் காபியும் இல்லை.

இன்று அந்த ஏரிக்கரையில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. நடக்கிற வழியில் எங்கேயும் ஒரு தகரைச் செடி கண்ணில் படுவதில்லை. அம்மா போய்விட்டாள். கன்னியம்மா என்ன ஆனாளோ, நான் தேடியதுமில்லை. போன வாரம் என் மகள் இயற்கை அங்காடியிலிருந்து 'மூலிகைக் காபி' என்று ஒரு பொட்டலம் வாங்கிவந்து போட்டுக் கொடுத்தாள். ஒரு வாயிலேயே தெரிந்துவிட்டது, தகரை. கன்னியம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னேன். விதை, டின், ஜெபக்கூட்டம், கிணற்றடி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாவம்மா அவங்க. பாட்டி ஏன் இப்படிப் பண்ணாங்க? அப்போ அந்தப் பொடியை யார்தான் எடுத்தது?" என்று கேட்டாள் மகள்.

"தெரியலையே" என்றேன்.