நாலாவது கதிரையில் கட்டிய லேஞ்சி

2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆந் திகதி, வியாழக்கிழமை, காலை ஒன்பது பத்து. சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. மழை பெய்து மூன்று மாதம். அந்த நேரத்தில்தான் மன்னார்ப் பட்டினத்துப் பழைய தியேட்டரின் கதவைத் தாண்டி உள்ளே போனேன், இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு. கதவு என்பது பிழை. அது இருந்த இடம் இருந்தது.

மறுநாள் கூரை இறக்கப் போகிறார்கள். உரிமைக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடியே நிலத்தை விற்றுவிட்டார்கள், கடைத்தொகுதி வரப்போகிறது. நான் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து எட்டு மாதத்துக்குள் மூன்று மனு எழுதினேன். சுவர் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும், இனி அப்படி ஒருவரும் கட்டப்போவதில்லை என்று எழுதினேன். கொழும்பிலிருந்து ரயிலில் படப்பெட்டி வந்ததையும், ரயில் பிந்தினால் படமும் பிந்தும், சனம் பொறுத்திருக்கும் என்பதையும் எழுதினேன். இது புராதனச் சின்னம் இல்லை என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். கூட்டம் வைத்தேன். ஐந்து பேர் வந்தார்கள், அதில் இருவர் தேத்தண்ணிக்காக. "இருக்க வீடில்லாத சனத்திட்டை வந்து தியேட்டரைக் காப்பாத்தச் சொல்லுறீங்களே" என்றார் ஒருவர். அவர் சொன்னது நியாயம். நானும் தகரக் கொட்டிலில்தான் இருந்தேன்.

கட்டடம் போகட்டும், எனக்கு ஒரு கதிரை மட்டும் வேண்டும் என்ற முடிவோடுதான் அன்று போனேன். இரண்டாம் வகுப்பு, ஒன்பதாவது வரிசை, இடமிருந்து நாலாவது.

எண்பத்தைந்தில் ஒரு மாலைக் காட்சிக்கு நானும் தம்பியும் போயிருந்தோம். இடைவேளையில் அவன் எழும்பி, முகம் துடைக்கும் தன் லேஞ்சியைக் கதிரையின் முதுகுச் சட்டத்தில் கட்டினான். எங்கள் தியேட்டரில் அதுதான் வழக்கம். லேஞ்சி கட்டிய கதிரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், கட்டினவன்தான் அவிழ்க்கவேண்டும். ஊர்ச் சண்டியர்களும் மதித்த சட்டம் அது.

"அண்ணை, இடத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ. கச்சான் கடலை வாங்கிக்கொண்டு வாறன்."

"காசு வைச்சிருக்கிறியோ?"

"உங்கடை பொக்கற்றிலை அப்பவே எடுத்திட்டன்" என்று சிரித்துக்கொண்டு போனான்.

சற்று நேரத்தில் தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. வெளிச்சம் போனது. சனம் விழுந்தடித்து ஓடியது. நான் ஓடவில்லை, இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். காவல்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டார். தம்பி அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. தியேட்டரில் அதன்பின் படம் ஓடவில்லை.

இப்போது உள்ளே பாதிக் கூரை இல்லை. திரை இருந்த இடத்தில் ஏழு கழுதைகள் நின்றன. மிச்சக் கூரையின் கீழ் இருட்டுக்குக் கண் பழகிய பிறகுதான் கதிரைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் துணி கட்டியிருந்தது. சேலைக் கரை, சாரத் துண்டு, பிள்ளைகளின் தலைமயிர் றிபன். எண்ணத் தொடங்கினேன். நூற்றுப் பதினேழுடன் நிறுத்திவிட்டேன். காற்று வந்தபோது எல்லாம் ஒன்றாக அசைந்தன. இடைவேளைக்கு வெளியே போன சனம் முழுவதும் இன்னும் திரும்பி வரவில்லை போல இருந்தது. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கழுதைதான், இருந்தாலும் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாலாவது கதிரையில் லேஞ்சி இருந்தது. நிறம் போய்விட்டது. முடிச்சு கல்லாகியிருந்தது.

கழற்றும் வேலையை எடுத்திருந்த கொந்திராத்துக்காரரிடம் விலை கேட்டேன்.

"கதிரையோ ஐயா? திரையைக் கழுதை திண்டுபோட்டுது, எதிலை படம் பாக்கப் போறியள்?" என்றார். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்டு தனியக் கழட்ட ஏலாது. ஆறும் ஒரே இரும்பிலை நிக்குது. எடுத்தால் ஆறையும் எடுங்கோ" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி குடையும் கையுமாக வந்து சேர்ந்தாள். "இஞ்சாருங்கோ, கூரைக்கு ஓடு வாங்க வைச்ச காசிலை கதிரையோ? வீட்டுக்குக் கதவில்லை, இவருக்குப் படக் கதிரை கேக்குது!" என்று தொடங்கியவள் பாதியில் நின்றுவிட்டாள். கண் துணிகளின் மேல் போயிருந்தது.

"தொண்ணூறிலை இந்தியாவுக்குப் போக வள்ளம் வருமட்டும் நாங்கள் இஞ்சைதான் கிடந்தனாங்கள்" என்றாள். முகாமில்தான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது, இத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் இதை எனக்குச் சொன்னதில்லை. "ஆம்பிளையள் கரைக்கு வள்ளம் பாக்கப் போவினம். போனவைக்கு இடம் வைச்சுச் சீலை கட்டுவம். என்னைப் பெத்த ஐயாவுக்கு நான் என்ரை பாவாடையைக் கிழிச்சுக் கட்டினனான்."

"ஐயா வந்தவரோ?"

"ஓம், வந்தவர். வள்ளம் வந்திட்டுது, ஓடியாங்கோ எண்டார். முடிச்சு அவிழ்க்க ஆர் நிண்டது? எல்லாத்தையும் வராத ஆக்களின்ரை எண்டு நினையாதேங்கோ."

"எது வந்த ஆளின்ரை, எது வராத ஆளின்ரை?"

"முடிச்சைப் பாத்துச் சொல்லேலுமே?"

கொந்திராத்துக்காரர் கத்தியோடு வந்தார். "மற்ற அஞ்சிலையும் கிடக்கிற சீலையை வெட்டிவிடட்டோ?"

"வேண்டாம் தம்பி" என்று எனக்கு முதல் அவள் சொன்னாள். பிறகு திரும்பி நின்று, இடுப்பில் செருகியிருந்த காசுப் பையை எடுத்தாள். அவளே எண்ணிக் கொடுத்தாள். நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

வரிசை இப்போது எங்கள் விறாந்தையில் நிற்கிறது. ஆறிலும் துணி கட்டியிருப்பதால் வருகிறவர்கள் நின்றபடியே கதைத்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் இருவரும் அதற்கு முன்னால் பாயில் இருக்கிறோம். சோளகம் வீசும் நாட்களில் நாலாவது கதிரை கிரீச்சிடும். மரம் காய்ந்து சுருங்குவதால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாசலைப் பார்க்கிறேன். அவளும் பார்க்கிறாள்.

அந்த வருடம் கூரைக்கு ஓடு போடவில்லை. பழைய தகரத்தோடு சமாளித்தோம். கதிரை ஆறுக்கும் ஒன்பதாயிரம், இரும்பு வெட்டிய கூலி அறுநூறு, ஏற்றிவந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் வாடகை ஆயிரத்து இருநூறு, தூக்கிய பெடியளுக்குச் சோடா இருநூற்று நாற்பது. எல்லாமாகப் பதினோராயிரத்து நாற்பது ரூபா.