முப்பத்திமூன்றாவது குரல்

கர்ர்ர்ர்... வயர்லெஸ் இரைந்தது. மாலை 3.52.

இது நடந்தது. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து சூப்பரின்டெண்டென்ட் ஆகும்வரை, இருபத்தொன்பது வருடம் கோர்ட்டில் சாட்சி சொன்னவள் நான். அங்கே சொல்வது போலவே இங்கும் சொல்கிறேன்.

யார்க்‌ஷயர் மேட்டுநிலம், இங்கிலாந்து. ஜனவரிப் பனி. ஆறு வயது டில்லி காணாமல் போய் இரண்டு நாள். இந்தக் குளிரில் இனி உயிர் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மணிக்குத் தேடலை நிறுத்தி நான் கையெழுத்துப் போட வேண்டும். மேலிடத்து உத்தரவு. டில்லியின் அம்மா ஜீன் என் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நீங்க கையெழுத்துப் போட்டா, எம் பொண்ணு செத்துட்டான்னு எழுதிக் குடுக்கற மாதிரி, மேடம்."

நான் வயர்லெஸ் பக்கம் திரும்பினேன்.

நிறுத்துவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. மேட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் வயர்லெஸ்ஸில் சீருடைத் தோளில் பொறித்த தன் எண்ணைச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் கீழே வரும்வரை தேடல் முடிந்ததாக எழுதக் கூடாது. போனவர்கள் முப்பத்திரண்டு பேர். சார்ஜென்ட் பாரக்ளஃப் கோடு போட்டு எண்ணினார்.

"மேடம்... முப்பத்திமூணு வருது."

"டீயைக் குடிச்சிட்டு ஒழுங்கா எண்ணுய்யா."

"மூணு தடவை கேட்டுட்டேன். நானூத்திப் பதினேழுன்னு ஒருத்தர். நம்ம லிஸ்ட்லயே இல்ல."

மைக்கைப் பிடுங்கினேன்.

"நானூத்திப் பதினேழு, எங்க இருக்கீங்க?"

இரைச்சல்... காற்று... பிறகு நிதானமான ஓர் ஆண் குரல்.

"பழைய குவாரிக்குள்ள. ஏற முடியல."

நேற்றே இரண்டு முறை தேடிய இடம் அது.

ஆனால் ஓர் ஆள் இன்னும் மேலே இருக்கிறான். கையெழுத்துப் போட முடியாது.

4.00. பேனாவை மூடினேன். எல்லோரையும் குவாரிக்குத் திருப்பினேன்.

4.31. டார்ச் வெளிச்சம்...

பாறை இடுக்கு...

சின்னதாக ஒரு கை.

மூச்சு இருந்தது!

டில்லி மட்டும்தான். வேறு யாருமில்லை. சுற்றிலும் பனியில் ஒரு காலடிகூட இல்லை.

மறுநாள் காலை பாரக்ளஃப் பழைய பதிவேட்டோடு வந்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். 417, கான்ஸ்டபிள் ஆல்வின் தெய்க்ஸ்டன். 1979 பனிப்புயலில், ஆடு மேய்க்கப் போன ஒருவரைத் தேடி அதே மேட்டில் ஏறியவர். இறங்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டில்லி கண் விழித்திருந்தாள். என் சீருடையையே பார்த்தாள்.

"குழிக்குள்ள இருந்த போலீஸ்காரர் உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு... அவரைத் தேடறத மட்டும் ஏன் நிறுத்தினீங்க?"