சாலமாண்டருக்கு ஒரு குடம் தண்ணீர்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் விலங்கியல் கூடத்தில் நான் அட்டெண்டர். மாணவர்கள் அறுப்பதற்குத் தவளைகளை மயக்கிப் பலகையில் அடுக்கிவைப்பது என் வேலை. ஒரு ஜந்து செத்ததற்காகக் கலங்குகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட என்னையே அந்த ஒன்று உலுக்கிப்போட்டது.

எங்கள் மேடம் டார்ஜிலிங் பக்கத்து மலையிலிருந்து அதை ஈரப் பாசிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சாலமாண்டர் என்றார். பார்த்தால் பல்லி, தொட்டால் தவளை. அபூர்வமான இனமாம். அது இருந்த குளத்தில் மண் கொட்டிக்கொண்டிருந்தார்களாம். கண்ணாடித் தொட்டியில் விட்டதும் செடியில் முட்டையிட்டது. குஞ்சுகளை வளர்த்து வேறொரு மலைக்குளத்தில் விட்டே தீருவது என்று மேடம் வைராக்கியமாக இருந்தார். பம்பாய் வெக்கைக்குத் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, பக்கத்தில் ஐஸ் பாளம். மாப்பிள்ளை உபசாரம்தான்.

"கெணத்துத் தண்ணி மட்டும்தான் விடணும், மறந்துடாதீங்கோ" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன, வாயில் கொழுக்கட்டையா?

மழை பிடித்த வாரம் மேடம் இரண்டு நாள் புனே போனார். கல்லூரிக் கிணறு டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தது. நாங்கள் குடியிருந்த லேபர் கேம்ப்பில் மருந்து வாடை அடித்தால்தான் அது நல்ல தண்ணீர். வாந்திபேதிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் நாங்கள். மழைக்காலத்தில் முனிசிபாலிட்டி மருந்தைக் கூட்டிக் கலந்தால் நிம்மதியாகக் குடிப்போம்.

மனைவியிடம் சொன்னேன். "வாயில்லாச் சீவன், அந்தச் சகதியிலயா கெடக்கணும்? ஒரு கொடத்தக் கொண்டுட்டுப் போங்க" என்றாள். குழாயடியில் இரண்டு மணி நேரம் நின்று பிடித்த இரண்டு குடத்தில் ஒன்று.

தோளில் சுமந்துபோய், பழைய தண்ணீரை இறைத்துவிட்டு ஊற்றினேன். அது துள்ளித் துள்ளி நீந்தியது. குஷி என்று நினைத்தேன், மடையன். மத்தியானம் வயிறு மேலே தெரிய மிதந்தது. முட்டைகளும் வெளுக்க ஆரம்பித்தன.

சாயங்காலம் மேடம் திரும்பினார். தொட்டியை முகர்ந்து பார்த்தார். "எந்தத் தண்ணி?"

"கொழாத் தண்ணிதான் மேடம். எங்க வீட்டுக்காரி வரிசையில நின்னு புடிச்சது. நல்லா மருந்து போட்ட தண்ணி."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அது தோலாலயும் மூச்சு விடற ஜீவன். அந்தக் குளோரின் மருந்து அதுக்கு விஷம்" என்றார். பிறகு, "அங்க கொளத்தை மூடியாச்சாம். இப்பதான் லெட்டர் வந்தது" என்றார்.

வீட்டில் மனைவி கேட்டாள், "தண்ணி மாத்துனீகளா? எப்படி இருக்கு?"

"சொகமாத்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் நான் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். குழாயடியிலிருந்து வந்தவள் ஒரு குடத்தை மட்டும் உள்ளே எடுத்துப்போகாமல், தட்டுப் போட்டு மூடி, வாசலிலேயே வைத்தாள்.

"இது அதுக்கு" என்றாள்.