ஸ்தோயிக்கர் சோடாக் கடை

கோபமே வராத ஒரு மனிதனோடு ஒரு வாரம் இருந்து பாருங்கள். உங்களுக்கு இரத்தம் கொதிக்கும். நான் பாதி ஆயுள் இருந்தேன். யேசுரத்தினம் என் அக்காள் ஞானபாயின் கணவர். இரணியல் சந்தையில் சோடா போட்டு விற்றவர். கடையில் குப்பி கழுவிக் கொடுத்துக் கூடமாட நின்றவன் நான். அவர் பட்டிருக்க வேண்டிய கோபத்தையெல்லாம் அவருக்காக நானே பட்டுத்தான் என் வயிறு கெட்டுப்போனது என்று எந்த வைத்தியரிடமும் சொல்வேன்.

சோடாத் தொழிலில் குப்பி வெடிக்கும். கண்ணாடியில் கீறல் இருந்தால் காற்று ஏற்றும்போது டமார் என்று போய்விடும். அப்படி ஒரு தடவை துண்டு தெறித்து அத்தானின் புருவம் கிழிந்தது. நான் பதறித் துணியோடு ஓடினால், மனுஷன் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "வெடிக்கது குப்பிக்க வேல மக்கா. கண்ண மூடுகது நமக்க வேல. எனக்க வேலய நான் ஒழுங்கா பாத்தேன், கண்ணு ரெண்டும் இருக்கு பாரு" என்கிறார். கீறல் விழுந்த பழைய குப்பிகளைத் தெரிந்தே எங்கள் தலையில் கட்டிய வியாபாரியை நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் அடுத்த குப்பியை எடுத்தார்.

எங்கள் பக்கம் மோட்டார் பஸ் வந்த புதிது. தக்கலையில் ஏறி உட்கார்ந்தால் ஆள் நிறையும்வரை நகராது. டிரைவர் இறங்கி வெற்றிலை போடுவான். பிறகு சாவகாசமாக முகச்சவரம் செய்துகொள்வான். நான் கத்துவேன். அத்தானோ, "பஸ்சு எனக்க பஸ்சா? டிரைவரு எனக்க மாமன் மகனா? எனக்குண்ணு உள்ளது நான் குண்டி வச்சிருக்க எடம் மட்டும்தான். அது நல்ல சொகமாத்தான் இருக்கு" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மட்டும் எரியும்.

அக்காளுக்கும் எரியும். கூரை ஒழுகினால், மழையைத் தடுக்க முடியாது, சட்டியை வைக்க முடியும் என்று சட்டியை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மனிதரோடு குடும்பம் நடத்தினவள் அவள். "ஒரு நாளு இவருக்குக் கோவம் வரட்டு, கோயிலுக்கு எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசிய அண்ணைக்கி ரெண்டு பிடியா வைக்கேன்" என்று கர்த்தரிடமே பேரம் பேசினாள்.

ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் போதகர், பவுல் அப்போஸ்தலன் அத்தேனே பட்டணத்தில் ஸ்தோயிக்கர் என்கிற ஞானிகளோடு வாக்குவாதம் பண்ணியதைச் சொன்னார். தன் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொண்டு, இல்லாததற்காக மனம் கலங்காமல் இருப்பதுதான் அவர்கள் போதனை என்று விளக்கினார். ஆலயத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பி அத்தானைப் பார்த்தது. அன்று முதல் எங்கள் கடைக்கு ஸ்தோயிக்கர் சோடாக் கடை என்று பெயர். ஆராதனை முடிந்ததும் அத்தான் போதகரிடம் போய், "அந்த ஆளுவளுக்கு மச்சினன்மாரு உண்டா ஐயரே?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. லீலாபாயின் கல்யாணத்தில் வந்தது சிரிக்கிற சங்கதி இல்லை.

லீலாபாய் அக்காளுக்கு ஒரே மகள். அருமனையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஞானையனுக்குப் பேசி முடித்திருந்தோம். எங்கள் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உண்டானால் சொல்லலாம் என்று போதகர் வாசிப்பார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தின வாரம் மண்டைக்காட்டில் பகவதியம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்தது.

மாசி வெயிலில் கொடைக்கு வருகிற கூட்டம் சோடாவைக் குடித்துத் தீர்க்கும். அதனால் அத்தான் வருஷந்தோறும் அங்கே கடை போடுவார். கொடைக்குப் போகக்கூடாது என்பது சபைக் கட்டுப்பாடு என்றாலும், வியாபாரத்துக்குப் போவதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். அந்தக் கோயிலில் மண்டையப்பம் என்று ஒன்று உண்டு. தலைவலி தீர வேண்டும் என்று நேர்ந்து அம்மனுக்குப் படைப்பது. அந்த வருஷம் அத்தான் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்ததை யாரோ பார்த்து, சபைக் கமிட்டியில் பெரிய ஆளான ஆபேலின் காதில் போட்டுவிட்டான்.

ஆபேல்! அந்தப் பெயரை எழுதும்போதே என் பேனா தாளைக் கிழிக்கிறது. தேங்காய் வியாபாரம், வெள்ளைக் கோட்டு, கனத்த குரல். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் லேசில் திறக்க மாட்டார்; ஆனால் நடுவில் எழுந்து போனவன் யார் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை அத்தானை விசாரணைக்குக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"மண்டையப்பம் வாங்கினீரா?"

"வாங்கினேன்."

"எதுக்கு?"

"தலவலிக்கு."

"ஆருக்க தலவலிக்கு?"

"தல உள்ளவங்களுக்கு எல்லாம் வரப்பட்டதுதானே."

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஆபேலின் முகம் சிவந்தது. "நாளைக்கு சபைக்கு முன்னால முட்டுக்குத்தி மன்னிப்பு கேக்கணும். ஆருக்கு வாங்கினீருண்ணு பேரையும் சொல்லணும். இல்லேண்ணா மூணாவது ஓலை வாசிக்க விடமாட்டேன்" என்றார்.

வெளியே வந்ததும் அத்தானைப் பிடித்து உலுக்கினேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்பம் ஆபேலின் மனைவி ராஜபாய்க்கு. அவளுக்கு வருஷக்கணக்காக ஒற்றைத் தலைவலி. வைத்தியம் பார்த்தும் ஜெபம் பண்ணியும் தீரவில்லை. புருஷனுக்குத் தெரியாமல் கெஞ்சிக் கேட்டதால் ஒவ்வொரு கொடைக்கும் இவர் சோடாப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

நான் கத்தினேன். "இத அந்த வெள்ளக்கோட்டுக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்லா? ஒரு பேரு அத்தான்! ஒத்தப் பேரு!"

"சொன்னா அந்தப் பொம்பள அந்த வீட்டுல எப்பிடி இருப்பா? ஓலை வாசிக்கதும் வாசிக்காததும் அவங்க கையில. முட்டுக்குத்தச் சொன்னா குத்துலாம், முட்டு தேஞ்சா போவும்? ஆனா அவ நம்பிச் சொன்னது எனக்க கையில உள்ளது மக்கா. அத நான் விட மாட்டேன்."

"பின்ன பிள்ளைக்க வாழ்க்க?"

அத்தான் வாயைத் திறந்து மூடினார். நானும் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். கொடுத்துத் தொலைத்தேன். அக்காளுக்கும் லீலாபாய்க்கும் யார் பெயர் என்று தெரியாது. அவர் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் தெரியும். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அருமனையிலிருந்து வந்திருந்தார்கள். அத்தான் எல்லாருக்கும் முன்னால் முட்டுக்குத்தி, "மண்டையப்பம் வாங்கினேன். சபைக் கட்டுப்பாட்ட மீறிட்டேன். மன்னிக்கணும்" என்றார்.

ஆபேல் எழுந்தார். "ஆருக்கு வாங்கினீரு?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

"பேரு! பேரச் சொல்லும்!"

பெண்கள் பக்கம் பார்த்தேன். ராஜபாய் சேலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டுக் குனிந்திருந்தாள். கட்டின புருஷன் அவள் பெயரைத்தான் ஊருக்கு முன்னால் கேட்டுக் கத்துகிறான், அது அவனுக்குத் தெரியவில்லை. "அஞ்ஞானப் பண்டம் தின்னவனும் பாவி, அவன ஒளிச்சு வைக்கவனும் பாவி!" என்று கையை ஓங்கிப் பேசினான். மரியாதையாக எழுத முயன்றேன், முடியவில்லை. நான் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் சத்தியமாவது மண்ணாவது என்று எழுந்திருப்பேன்.

"அப்பிடியெங்கில் ஓலை நிக்கட்டு" என்றான் ஆபேல். போதகர் முகம் வாடி, கையிலிருந்த ஓலையை மடித்தார். அக்காள் விம்முவது கேட்டது.

அப்போதுதான் லீலாபாய் எழுந்தாள். எங்கள் ஆலயத்தில் பெண் எழுந்து பேசி யாரும் கண்டதில்லை.

"ஐயரே, அந்த ஓலையில ஆருக்க பேரு இருக்கு?"

போதகர் திகைத்துப்போய், "ஒனக்க பேரும் ஞானையனுக்க பேரும்" என்றார்.

"பின்ன எங்களுக்குத் தடை உண்டாண்ணு கேளுங்க. எங்கப்பா ஆருக்கு என்ன வாங்கினாருண்ணு அதுல கேள்வி இல்லல்லா? அவரா கல்யாணம் கெட்டப் போறாரு? நான்லா கெட்டப் போறேன்! எங்கப்பாவுக்குக் கோவம் வராது. எனக்கு வரும்!"

பேசி முடித்தும் அவள் உட்காரவில்லை. ஆண்கள் பக்கத்தில் ஞானையன் எழுந்து நின்றான். பின்னாலிருந்து யாரோ, "பிள்ள சொல்லது செரிதானே" என்றார்கள். இன்னும் நாலைந்து குரல் அதையே சொன்னது. போதகர் ஓலையைப் பிரித்து வாசித்தார். இவர்கள் இருவருக்கும் தடை சொல்பவர் உண்டா என்று ஆபேலைப் பார்த்தே கேட்டார். ஆபேல் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு கமிட்டி கூடி, பெயரைச் சொல்லாத குற்றத்துக்காக அத்தானை ஒரு வருஷம் நற்கருணையிலிருந்து விலக்கி வைத்தது. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ஆபேல் வந்தார், நீளமாக ஜெபம் பண்ணினார், பாயசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தார். ராஜபாய் வரவில்லை. தலைவலியாம்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் அனுப்பிவிட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, பல நாளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "லீலா எழும்பாம இருந்திருந்தா என்ன செய்திருப்பீரு? அப்பவும் பேசாமத்தான் இருந்திருப்பீரா?"

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "பேரச் சொல்ல வாயத் தொறந்துட்டேன் மக்கா" என்றார். "அந்தப் பொம்பளய நேரா பாத்துட்டேன். அவளும் என்னப் பாத்தா. சொல்லப் போறேண்ணு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்நேரம் பிள்ள எழும்பிட்டு."

பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று. ஆபேல்மேல் உள்ளது போகவில்லை. அந்த ஆளை அடக்கம் பண்ணி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை.