பாதி மழித்த தலை

மடத்துச் சாமிகளின் தலையை மாதாமாதம் மழித்தவன் நான். சோழவந்தான் பக்கம் வைகைக் கரையில் இருந்தது அந்த மடம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி முழுச் சவரம். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு பலகை போட்டிருக்கும், அங்கேதான் உட்காருவார்கள். நான் பின்வாசல் வழியே வந்து பின்வாசல் வழியே போய்விட வேண்டும். நான் தொட்ட தீட்டுப் போக அவர்கள் ஆற்றில் முங்குவார்கள். என் கை வேண்டுமாம், கை பட்டது ஆகாதாம். என்ன நியாயமோ!

அடுத்த பட்டத்துக்கென்று கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பதினொரு வயசு. குடுமியை எடுத்தபோது தேம்பித் தேம்பி அழுதான்.

"வலிக்குதா சாமி?" என்றேன்.

"இல்லண்ணே, ஆத்தா தெனமும் இதுக்கு எண்ணெ வச்சு விடும்."

மடத்துக் காரியஸ்தர் பாய்ந்து வந்தார். "செரைக்க வந்தவன அண்ணேங்கிறதா? பீடத்துல உக்காரப் போற வாயா இது?" அன்று பையனுக்குச் சோறு கிடையாது.

அடுத்த பௌர்ணமியில் அவன் என் காதோடு சொன்னான்: "நான் பெரிய சாமியானா உன்னைய முன்வாசல் வழியா கூட்டிப் போவேண்ணே. ஒம் மகளுக்கு என் கையால துன்னூறு பூசுவேன்." என் மகள் அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவனைச் சாமியாக்கினார்கள். விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல், பகல் முழுக்கச் சாத்திரப் பாடம், ஒருவேளைச் சோறு. யாரையும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது. பெற்ற தாய் வந்து காலில் விழுந்தபோதும் அவர் தரையைத்தான் பார்த்தாராம். துறவி ஆக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை; மரக்கட்டை ஆக்கவா அத்தனை படிப்பு?

பதினைந்து வருசத்தில் அவர் பீடம் ஏறினார். என் மகளுக்கும் கல்யாணம் ஆனது. புது மணமக்கள் மடத்து முன்கூடத்தில் பெரிய சாமி கையால் திருநீறு வாங்குவது ஊர் வழக்கம். அவர் சொன்னதை நம்பிக் கூட்டிப்போனேன், முட்டாள். காரியஸ்தர் எங்களைத் தொழுவத்தோரம் நிறுத்தி, திருநீற்றை இலையில் மடித்துத் தரையில் போட்டுவிட்டுப் போனார். சாணிக்குப் பக்கத்தில் கிடந்ததை என் மகள் மருதாணிக் கையால் குனிந்து எடுத்தாள். சாமிக்குத் தெரிந்திருக்காது என்று அப்போதும் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பௌர்ணமி வந்தது. பூசைக்குக் கூட்டம் காத்திருந்தது. வலப்பக்கம் முழுக்க மழித்துவிட்டுக் கத்தியை மடக்கினேன்.

"மிச்சத்த முன்கூடத்துல வச்சுத்தான் எடுப்பேன் சாமி. எம் மகளும் அங்கன நிக்கணும். நீங்க குடுத்த வாக்கு."

"அடேய், எம்புட்டுத் திமிருடா ஒனக்கு!" காரியஸ்தர் கத்தினார்.

சாமி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அதுதான் முதல் தடவை. எதையும் அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது. கையை நீட்டினார். கத்தியைக் கொடுத்தேன். கண்ணாடிகூட இல்லாமல் மிச்சத் தலையைத் தானே மழித்துக்கொண்டார். காதுக்கு மேலே கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது. கத்தியைத் திரும்ப என் கையில் தரவில்லை. தரையில் வைத்துவிட்டு ஆற்றுக்குப் போனார்.

முடியாது என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கத்தியை எடுத்துக்கொண்டு நானும் ஆற்றில் இறங்கினேன், அவருக்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கமாக. அவரைத் தொட்ட தீட்டுப் போக மூன்று முறை முங்கி எழுந்தேன். என் மேல் பட்ட தண்ணீர் அவரைப் பார்த்துப் போனது.