எண்ணெய்க் கைக்கு ஒரு மவுஸ்

நேற்று மத்தியானம் ஒருவர் கேட்டார், பக்கவாட்டில் ரப்பர் பிடி ஒட்டிய மவுஸ் நல்லதா, வெறும் பிளாஸ்டிக் மவுஸ் நல்லதா என்று. எனக்கு வேலையே இதுதான். தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் ஒரு வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கு, கேம் ஆட எந்த மவுஸ், எந்த கீபோர்டு, எந்த ஹெட்செட் வாங்கலாம் என்று சாட்டில் யோசனை சொல்வது. "எம்மவன் வீட்டுல இருந்துக்கிட்டே ஆளுகளுக்கு புத்தி சொல்லுதான், அதுக்குச் சம்பளம் வேற குடுக்காவ" என்று அம்மா தெருவில் பெருமையடித்துக்கொள்வாள். பீடி சுற்றிப் படிக்க வைத்தவள். பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டும்.

நேற்று வந்தவருக்கு நான் பதில் சொல்லவில்லை. "சார், நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று தட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த மாதிரி எதற்கு வேலையெல்லாம் விசாரிக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலதிகாரியும் இதற்காக என்னை இரண்டு முறை கண்டித்திருக்கிறார். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் என்னால் யாருக்கும் எதையும் எடுத்துக்கொடுக்க முடிவதில்லை. ஒருவனுக்கு அவன் வேலையை யோசிக்காமல் எடுத்துக்கொடுத்தேன். அதிலிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி இது.

என் மேசை இழுப்பறையைத் திறந்தால் இன்றைக்கும் நல்லெண்ணெய்ச் சிக்கு வாடை வரும். பின்னாலேயே லேசாகச் சீயக்காய். ஒரு மவுஸிலிருந்து வருகிற வாடை என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் அப்போது கேமிங் சென்டர் ஒன்று இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், ஒரு ஜன்னல். கீழே சால்னா கொதித்தால் மேலே திரை முழுக்க ஆவி படியும். அங்கிருந்த ஹெட்செட்களின் காதுப் பஞ்சு உதிர்ந்து உதிர்ந்து, கழற்றும்போது காதோரம் மிளகுத் தூள் தூவியதுபோல் இருக்கும். நாங்கள் கல்லூரி முடித்த வருடம் அது. நாங்கள் என்றால் நான் முடித்தேன். லிங்கம் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டான்.

முழுப்பெயர் குத்தாலிங்கம். ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. அவன் அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் அதே வேலைதான். சீசனில் விடியற்காலையிலிருந்து வருகிறவர்கள் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டு, வேலை ஓய்ந்ததும் மாடிக்கு வந்து உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். எப்படி ஆடுவான் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எதிரி மூச்சு விட்டால் இவனுக்குத் தெரியும். நாங்களெல்லாம் எங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவன் பின்னால் போய் நிற்போம்.

சென்டர்க்கார அண்ணாச்சிக்கு மட்டும் அவனைக் கண்டால் எரிச்சல். "ஏலே, நீ தொட்ட மவுஸ்ல முறுக்கு சுடலாம்லே. ஒவ்வொருத்தனும் வந்து, வழுக்குது அண்ணாச்சி, வழுக்குதுங்கான்."

"நீங்க ஒருநாள் வாங்க அண்ணாச்சி, உங்களுக்கும் ஒரு தேய்ப்பு தேய்ச்சுவிடுதேன். பொறவு உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அப்படித்தான் சொந்தமாக ஒரு மவுஸ் வாங்குவது என்று முடிவாயிற்று. எது என்று பார்க்கிற பொறுப்பு என் தலையில். எங்கள் தெருவில் மாத்திரை அட்டையிலிருந்து குக்கர் உத்தரவாதச் சீட்டு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள். அச்சில் இருப்பது பொய்யாக இருக்காது என்ற எண்ணம் எனக்கு அப்போது பலமாக இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து விமர்சனங்களாகப் படித்தேன். சென்சார், எடை, கிளிக் சத்தம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். நழுவாத பிடிக்கு ரப்பர் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். வழுக்குகிற கைக்கு ரப்பர்! இதைக் கண்டுபிடித்துவிட்டு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஹெட்செட் விஷயத்திலும் அப்படித்தான் படுத்தினேன். லிங்கம் எப்போதும் ஒரு காதை வெளியே விட்டுத்தான் மாட்டுவான். இரண்டு காதையும் மூடினால்தான் காலடிச் சத்தம் எந்தத் திசை என்று தெரியும் என்று வகுப்பெடுத்தேன். அவன் சிரித்தான். அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை போடுவார்கள், குறைந்தால் எடுப்பார்கள். எடுத்ததும் சித்தப்பா போனில் கூப்பிடுவார். உடனே ஓட வேண்டும். அந்தக் காது அதற்கு. எனக்கு அவன் பிழைப்பு முழுக்கத் தெரியும். ஆனால் மவுஸைப் பற்றிப் படிக்கும்போது கை வழுக்குவதுதான் ஞாபகத்தில் இருந்தது, எண்ணெய் இல்லை.

மவுஸ் வந்தது. முதல் இரண்டு வாரம் அவன் கையில் அது பிறவியிலேயே முளைத்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில்தான் சென்னையில் கேம் போட்டிகளில் ஆடுகிற ஓர் அணி ஆள் எடுக்கிறது என்று தெரிந்தது. தங்க இடம், சாப்பாடு, சம்பளம். இங்கிருந்தே ஒரு மத்தியானம் ஆடிக் காட்டினால் போதும். லிங்கம் அன்றைக்குச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "எங்க அப்பாக்கு வெரலு மடங்க மாட்டேங்கி. இன்னொருத்தன் முதுகப் பாத்துக்கிட்டே காலம் முழுக்க நிக்க முடியாதுலே."

சாரல் விட்டு விட்டு விழுந்தது. ரப்பர் எண்ணெய் குடித்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி இளகும் என்று எந்த விமர்சனத்திலும் இல்லை. எழுதினவர்களில் எண்ணெய் தேய்க்கிறவர் யார் இருந்திருப்பார்? அந்த மத்தியானத்துக்கு முந்தைய நாள், பிடி மொத்தமும் பலாப்பிசின் மாதிரி விரலோடு வந்தது.

"என்னலே இப்படி ஒட்டுது? என்ன செய்ய?" என்றான்.

நான் யோசித்தேன். படித்தவன் அல்லவா. "ஊரே எண்ணெய்க்குச் சீயக்காதானலே போடுது" என்றேன்.

மறுநாள் காலையில் அவனே ஈரத்துணியில் சீயக்காய்த் தூளைத் தொட்டு, ஒரு குழந்தைத் தலையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தான். பிசுபிசுப்பு போய்விட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். மவுஸ் நகர்வதைப் படிக்கிற சென்சார் அடியில் இருக்கும், அந்தப் பள்ளத்துக்குள் தூள் போனதை யாரும் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. திரையில் குறி தாவியது. எதிரியை நோக்கி வைத்தால் கூரைக்குப் போனது. முதல் சுற்று முடிந்ததும் லிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணாச்சி மவுஸ எடுத்துக்கிடட்டா?"

"வேண்டாம்லே. ஒங்கை பழகுனது இதுலதான."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். நான் தேர்ந்தெடுத்தது தப்பாக இருக்க முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

மூன்றாவது சுற்றில், அந்த அணியைச் சேர்ந்தவர் கேட்டது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் விழுந்தது. "பிரதர், மவுஸ்ல எதுவும் பிரச்சினையா? இருந்தா சொல்லுங்க, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்."

லிங்கம் என்னைப் பார்த்தான். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், அண்ணாச்சியும் இருந்தார். ஆமாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

"இல்ல பிரதர்," என்றான் லிங்கம். "மவுஸு நல்ல மவுஸு. எனக்குத்தான் இன்னைக்குக் கை வரல."

படியிறங்கும்போது சாரல். மவுஸை என் சட்டைப்பையில் வைத்தான். "வச்சுக்கோ. நீ பாத்து எடுத்தது." குத்தலே இல்லாமல் சொன்னான். குத்திக் காட்டியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

அடுத்த சீசனுக்கு அவன் இல்லை. வளைகுடாவில் கார் கழுவுகிற வேலை. எப்போதாவது குரல் பதிவு அனுப்புவான். கடைசியாக வந்தது ஒரே வரி: "அங்கன சாரல் விழுதாலே?" அன்றைக்கு வேலை நெருக்கடி. சாயங்காலம் சொல்லலாம் என்று விட்டேன். பிறகு விழுகிறது என்று சொல்லக் கூப்பிட்டபோது, அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அவன் அப்பா இறந்த வீட்டுக்கும் அவன் வரவில்லை. சித்தப்பாவுக்கும் அவன் இருக்கிற இடம் தெரியவில்லை. சென்டர் போய், அந்த மாடியில் இப்போது பரோட்டாக் கடையின் ஏசி அறை இருக்கிறது.

இளகிய அந்த ரப்பரில் அவன் பெருவிரல் பதிந்த பள்ளம் ஒன்று ரொம்ப நாள் இருந்தது. ரேகைகூடத் தெரியும், ரேகைக்குள் சீயக்காய்த் தூள். வேலைக்கு நடுவே இழுப்பறையைத் திறந்து அதைப் பார்ப்பேன். நேற்று அந்த ஆள் கோபித்துக்கொண்டு போனபின் திறந்தேன். இந்த வருடச் சாரலில் ரப்பர் முழுக்க இளகி ஓடி, பள்ளம் தூர்ந்து சமமாகிவிட்டிருந்தது. தொட்டேன். என் விரல்தான் பதிந்தது.