அக்காவைக் கோட்டையில் காட்டிய ஞாயிறு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில், பம்பாயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைச் சயான் கோட்டைக்கும் மியூசியத்துக்கும் அழைத்துப் போனார். நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கேட்டவர்களிடம், "குழந்தைகளுக்கு ஊரைக் காட்டலாம்னு" என்றார். குழந்தைகள் என்றால் இருபத்தைந்தைத் தாண்டிய அக்காவும், பள்ளிக்கூடம் முடித்திருந்த அவள் தங்கை நானும். அவர் எங்களுக்கு ஊரைக் காட்டவில்லை. அக்காவைப் பிள்ளை வீட்டாருக்குக் காட்டப் போனார்.

எங்கள் பேட்டையான மாட்டுங்காவில் அப்போது அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படிப் பல தடவை தெரிந்தாயிற்று. கடைசித் தடவை எதிர்வீட்டு மாமி காபிப் பொடி கேட்கும் சாக்கில் வந்து, அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டே போனாள். அதனால் பொது இடத்தில், தற்செயலாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பது. பிள்ளை வீட்டார் தள்ளி நின்று பார்ப்பார்கள். பிடித்தால் கிட்டே வந்து பேசுவார்கள். இல்லாவிட்டால் வந்த வழியே போய்விடுவார்கள். அவர்கள் யார் என்றுகூட நமக்குத் தெரியாது. கௌரவமான முறை என்றார் அப்பா. கத்தரிக்காயைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே வேண்டாம் என்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

இதைப் பேசி முடித்தவர் அப்பாவின் ஆபீஸ் நண்பர். காலையில் கோட்டை, மத்தியானம் மியூசியம். கோட்டையில் படி ஏறும்போது நடை தெரியும், மியூசியத்தில் நிதானமாக முகம் பார்க்கலாம் என்று அவர் கணக்கு.

கோட்டை என்று பெயர்தான். இடிந்த கருங்கல் சுவர், புல் முளைத்த படிகள். ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் தாராவி. காற்று திரும்பினால் தோல் பதனிடும் நாற்றம் மேலே வந்தது. "மெதுவா ஏறுடீ. மூச்சு வாங்கறாப்ல காட்டிக்காதே" என்றாள் அம்மா. அக்கா பட்டுப் புடவையில் ஏறினாள். அப்பா சுவர் ஓரம் நின்றவர்களையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தார். யாரும் கிட்டே வரவில்லை. "மறுபடி ஒரு தரம் கீழ போய் ஏறிண்டு வரட்டுமா?" என்று அக்கா கேட்டாள். கேலி செய்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

மியூசியத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் நல்ல சாமான்களை எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். பாதி பீடங்கள் காலி. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். மிஞ்சிய வாள்களையும் கேடயங்களையும் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே. வேஷ்டி கட்டிய ஒருவர் எங்களை நோக்கி வந்தார். அக்கா தலைப்பைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். அவர் எங்களைத் தாண்டிப் போய்க் காவல்காரனிடம் வெளியே போகும் வழி எது என்று இந்தியில் கேட்டார். அப்பா எங்களை மறுபடி முதல் ஹாலிலிருந்து நடத்தினார். கதவைச் சாத்தும் மணி அடிக்கும்வரை நடத்தினார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் கோபமும் பட முடியவில்லை.

திரும்பும்போது டிராமில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. குளிக்கப் போனால் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுவாள். ஏன் பிடிக்கவில்லை என்று நண்பரிடம் கேட்பது மானக்கேடு என்று அப்பா அவர் கண்ணில் படாமலே ஆபீஸ் போய் வந்தார்.

சில வாரம் கழித்து அந்த நண்பரே அப்பாவைப் பிடித்துவிட்டார். அன்றைக்குப் பிள்ளையின் அம்மாவுக்குக் கடும் காய்ச்சலாம். அவர்கள் வீட்டை விட்டே கிளம்பவில்லை. சேதி சொல்ல நண்பர் அனுப்பிய ஆள் வந்தபோது எங்கள் வீடு பூட்டியிருந்தது. ரகசியமான விஷயமாயிற்றே, அக்கம்பக்கத்தில் எப்படிச் சொல்வது என்று அவன் பேசாமல் திரும்பிப் போய்விட்டான்.

அப்பா மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். "அவா வரவே இல்லையாம்டீ! உன்னை யாரும் வேண்டாம்னு சொல்லலை. வர ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாமாம்."

அக்கா ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வேண்டாம்னுட்டான்னு நெனச்சு அழுது முடிச்சுட்டேன்பா. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க என்னால ஆகாது."

அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அழுது பார்த்தாள். அவள் அசையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரும் வெளியே போகவில்லை. அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களுக்குக் காபி கலந்து கொடுத்தது அக்கா.